விரல் மரத்துப்போகும் நெசவாளர்களுக்கு உதவி தேவை: தச்சர், பிசியோ நண்பர்கள் கவனிக்கவும்

வணக்கம். சேலம் அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் குழித்தறியில் நெய்பவர்களுக்காகக் கேட்கிறோம்.

நாடாவை (ஊடு நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஓட்டும் கயிற்றின் பிடி ஒல்லியாக இருந்தால் விரல்கள் இறுக்கிப் பிடிக்கும். கயிறு நீளமோ குட்டையோ ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் மணிக்கட்டு மடங்கும். அந்த மடிப்பில்தான் மணிக்கட்டு வழியே விரல்களுக்குப் போகும் நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்துப்போகும். ராத்திரி தூக்கத்தில் எழுந்து கையை உதறுவார்கள். சுண்டுவிரல் மரத்துப்போனால் அது வேறு நரம்பு, முழங்கையைப் பார்க்கணும். வாயு என்று தைலம் தேய்த்தே பலர் நாளைக் கடத்துகிறார்கள். கட்டைவிரல் மேடு (உள்ளங்கையில் அதன் அடியில் உள்ள சதை) வற்றத் தொடங்கினால் தள்ளிப்போடவே கூடாது.

பிடியை 3 முதல் 4 செ.மீ. பருமனுக்குக் கடைந்து தரும் தச்சர் யாராவது தெரியுமா? பாலிஷ் வேண்டாம், வழுக்கினால் இன்னும் இறுக்குவார்கள். ராத்திரி மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை (உள்ளே தகடு உள்ளது, வெறும் எலாஸ்டிக் அல்ல) சேலத்தில் மலிவாக எங்கே கிடைக்கும்? மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் நரம்புக் கடத்தல் சோதனைக்கு (நரம்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது) எந்தக் கிழமை, எந்தப் பிரிவில் சீட்டு போடணும்? சர்க்கரை, தைராய்டு முடிவுகளைக் கையோடு எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறோம்.

பழகிய தறியில் கயிற்று நீளத்தை மாற்றிப் பார்த்தவர்கள் இருந்தால், அளவோடு எழுதுங்கள்.