மறு: சாஃப்ட் கிரவுண்ட் – மென்புலமா, இளகுமண்ணா?

அனைவருக்கும் வணக்கம். இளகிய மண்மேல், அடியில் வலை விரித்துப் போடும் மண் கரையைக் கணினியில் மாதிரியாக்குவது பற்றிய என் கட்டுரையில், 'சாஃப்ட் கிரவுண்ட்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறேன்.

> சங்க இலக்கியத்திலேயே மென்புலம் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது ஐயா. மருதமும் நெய்தலும் மென்புலம், குறிஞ்சியும் முல்லையும் வன்புலம். பள்ளிக்கரணைச் சதுப்புக்கு அச்சாகப் பொருந்தும். கணினி மாதிரியில்தான் இடிக்கிறது. அங்கே 'ஃபீல்டு' என்பதற்கும் புலம்தான்: இடப்பெயர்ச்சிப் புலம், அழுத்தப் புலம் என்று பத்திக்கு நான்கு புலம். 'மென்புலத்தின் இடப்பெயர்ச்சிப் புலம்' என்று எழுதிப் பார்த்தேன். எழுதிய எனக்கே தலை சுற்றியது.

சதுப்பு நிலம் என்றால் நீரும் நாணலும்தான் நினைவுக்கு வரும். களிமண்ணும் ஆகாது, காய்ந்த களியில் கடப்பாரையே தெறிக்கும். போன மாதம் வேளச்சேரிப் பக்கம் மண் பரிசோதனைக்குத் துளை போட்டோம். மேலே முக்கால் மீட்டர் பொருக்கு. அதைத் தாண்டியதும், ராடை அடித்து இறக்கும் 63.5 கிலோ சம்மட்டிக்கு வேலையே இல்லை. "இளகுன மண்ணு சார், ராடு தானா இறங்குது" என்றார் துளை போட்டவர். அவர் வாய்ச்சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்: இளகுமண்.

---

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் இளகுமண் வினைத்தொகை ஆயிற்றே! இளகிய, இளகுகிற, இளகும் என்று முக்காலமும் காட்டும். கரை போட்டபின் நடப்பது நேர்மாறு. வெட்டு வலிமை, அதாவது சறுக்காமல் எதிர்த்து நிற்கும் வலு, 10 கிலோபாஸ்கல் உள்ள களி, தாங்குதிறன் கணக்குப்படி சுமார் 51 கிலோபாஸ்கல்தான் தாங்கும். கனமீட்டருக்கு 20 கிலோநியூட்டன் எடையுள்ள மண்ணை இரண்டரை மீட்டர் கொட்டினாலே அது தீர்ந்துபோகும். அதனால்தான் வலை விரித்தும் கட்டம் கட்டமாக உயர்த்துகிறோம். துளைநீர் அழுத்தம், அதாவது மண் துகள்களுக்கு இடையே சிக்கிய நீரின் அழுத்தம், வடிய வடிய மண் இறுகும். மாதிரியிலும் அந்தக் கூடுதல் வலிமையை வைத்தே அடுத்த கட்டத்தை ஏற்றுகிறோம். இது இளகுகிற மண் இல்லை, முற்றுகிற மண்.

இளமண் என்றால்? இளநீர், இளந்தேங்காய் மாதிரி, இப்போது இளசு, நாளாக முற்றும். கடலோர மென்களிப் படிவுகள் பெரும்பாலும் கடந்த 11,700 ஆண்டுகளுக்குள் படிந்தவை. நிலவியல் கணக்கில் அவை பச்சைக் குழந்தைகள்.

---

வினைத்தொகை எனக்குத் தோன்றவே இல்லை. இளமண்ணே இருக்கட்டும். கட்டுரைத் தலைப்பையும் மாற்றிவிட்டேன்: 'இளமண்மேல் வலுவூட்டிய கரை: கணினி மாதிரியாக்கம்'.

இப்போது 'வலுவூட்டிய' உறுத்துகிறது. மாதிரியில் அந்த வலைக்கு இழுவிசை மட்டும்தான் தாங்கத் தெரியும். அழுத்தினால் கயிறுபோலத் துவண்டுவிடும். கரை பக்கவாட்டில் விரியாமல் பிடித்து வைக்கிறதே தவிர, அடியிலுள்ள களிக்கு வலு எதையும் ஊட்டுவதில்லை. 'வலை தாங்கு கரை' என்று தோன்றுகிறது. இதில் என்ன தொகை ஒளிந்திருக்கிறதோ, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.