மறு: மருந்தாய்வு மென்பொருள் – ‘டெஸ்டர்’, ‘வேலிடேஷன்’ இரண்டுக்கும் என்ன சொல்?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

தமிழ் வகுப்பின் தொழில் கையேட்டுக்காக நான் கேட்ட இரண்டு சொற்களில், மென்பொருளில் பிழை தேடுபவரான ‘டெஸ்டர்’ என்பதற்குச் ‘சோதனையாளர்’ புழக்கத்தில் இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். வங்கி மென்பொருள் என்றால் எனக்கும் மறுப்பில்லை. மருந்தாய்வில்தான் இடிக்கிறது. நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன; இங்குள்ள காப்ரிசா ஆய்வு மையத்தின் டெனோஃபோவிர் ஜெல் ஆய்வு முடிவு 2010இல் உலகச் செய்தியானது. இந்த ஊரில் ‘மருந்துச் சோதனையில் சோதனையாளர்’ என்று சொன்னால் ஊசி போடுபவரையோ போட்டுக்கொள்பவரையோதான் நினைப்பார்கள். கணினி முன் உட்கார்ந்திருப்பவர் யார் நினைவுக்கும் வரமாட்டார். வீட்டுப் பெரியவர்களுக்கோ சோதனை என்றாலே கஷ்டகாலம்.

அதனால் ‘ட்ரையல்’ என்பதை ‘மருந்தாய்வு’ என்று ஒதுக்கிவிட்டு, மென்பொருள் பக்கத்துக்குச் ‘சோதகர்’ என்று வைப்போம். சுருக்கமாகவும் இருக்கிறது.

> நோட்டக்காரர் என்றால் என்ன? நாணயமும் மணியும் பார்த்துத் தரம் சொன்னவர்களுக்கு அதுதானே பெயர்?

ஐயா, அழகான சொல். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு நோட்டம் விடுபவன் திருடன். கட்டுப்பாட்டு ஆணையத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களிடம் “எங்கள் நோட்டக்காரர் இவர்” என்று அறிமுகப்படுத்த எனக்குத் துணிவில்லை.

> வேலிடேஷனுக்குச் ‘சரிபார்ப்பு’ போதாதா?

போதாது. அது ‘வெரிஃபிகேஷன்’. எழுதிக் கொடுத்தபடி கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது சரிபார்ப்பு. கட்டியது எந்த வேலைக்கோ அந்த வேலைக்கு உதவுகிறதா என்பது வேறு கேள்வி. கைப்பேசி நாட்குறிப்புச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கேற்பாளர் நாள்தோறும் ஒரு முறை வலியின் அளவைப் பதிய வேண்டும். 4ஆம் தேதி காலை 8 மணிக்கு ஒரு பதிவு. மறுநாளுக்கானதை நள்ளிரவு தாண்டி 12.20க்கே போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார். பதிவுகளைச் சேமிக்கும் வழங்கியோ (சர்வர்) உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதற்கு 2 மணி முன்னால். அங்கே அது 4ஆம் தேதி இரவு 10.20. மருத்துவர் திரையைத் திறந்தால் 4ஆம் தேதி இரண்டு பதிவு, 5ஆம் தேதி காலி. ‘பொது நேரத்தில் சேமிக்கவும்’ என்றுதான் தேவைப் பட்டியலில் இருந்தது, அதனால் சரிபார்ப்பில் தேறிவிட்டது. ஆய்வுக்குத்தான் உதவாமல் போயிற்று.

இதைப் பிடித்தால் மட்டும் போதாது, பிடித்ததை ஆவணமாக்கவும் வேண்டும். எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு, திரைப்படி (ஸ்கிரீன்ஷாட்), கையொப்பம், தேதி. தாளில் தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசக்கூடாது. பழையது படிக்கும்படி ஒரே கோடு அடித்து, காரணம் எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். அதனால்தான் ‘தகவுறுதி’ என்கிறேன். தகுந்ததா என்பதும் அதற்கான உறுதியும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

> அப்படியானால் சான்றிதழ் வாங்கியவரைச் ‘சான்றுபெற்ற தகவுறுதியர்’ எனலாமே?

இங்கேதான் நான் கையை நீட்டித் தடுப்பேன். சான்று ஆளுக்கு, தகவுறுதி அமைப்புக்கு. இரண்டையும் ஒட்டினால், சான்றிதழ்க்காரர் தொட்டதெல்லாம் தேறியது என்று பொருளாகிவிடும். மென்பொருள் சோதனைக்குச் சான்றிதழ் தரும் பன்னாட்டு அமைப்பான ஐஎஸ்டிக்யூபியின் அடித்தளத் தேர்வு 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. சோதனைக் கலையின் இலக்கணத்தை அது நன்றாகவே கற்றுத் தருகிறது, பிள்ளைகள் எழுதட்டும். மருந்தாய்வின் நடைமுறை அதன் பாடத்திட்டம் அல்ல. மின்பதிவுகளுக்காக அமெரிக்கா 1997இல் கொண்டுவந்த ‘பகுதி 11’ என்ற விதித்தொகுப்பு எந்தச் சான்றிதழையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. ஒப்படைத்த வேலைக்கு வேண்டிய கல்வி, பயிற்சி, அனுபவம் மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். சுவரில் மாட்டிய சான்றிதழைவிடக் கோப்பில் இருக்கும் பயிற்சிப் பதிவேடு இங்கே பெரிது. ஆகவே ‘சான்றுபெற்ற சோதகர்’ என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

> மொரீஷியஸிலிருந்து ஒரு சிறு இடையூறு, அண்ணா. ‘தகவு’ விகிதத்துக்கும் வழங்குகிறதே? பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா? இன்னொன்று, மருத்துவக் கருவிகளுக்கும் ட்ரையல் உண்டு. ‘மருந்தாய்வு’ அதைத் தாங்குமா?

முதலாவது நியாயமான கேள்விதான், தங்கச்சி. ஆனால் விகிதம் என்ற பொருளில் வரும்போது பெரும்பாலும் இரண்டு அளவுகள் கூடவே நிற்கும். ‘உறுதி’ பின்னால் ஒட்டி வருவதில்லை. நான் ஏற்றுக்கொள்வேன். இரண்டாவதற்குக் ‘கருவியாய்வு’ என்று தனியாக ஒன்று போட்டுவிடலாம். இரண்டையும் அடக்கும் பொதுச்சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், மாற்றிக்கொள்வோம். ‘மருத்துவ ஆய்வு’ மட்டும் வேண்டாம், அதில் ஆய்வுக்கூட எலிகூட அடங்கிவிடும்.

டர்பன் சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்புக்கான தொழில் கையேட்டில் மருந்தாய்வு, சோதகர், சரிபார்ப்பு, தகவுறுதி, சான்றுபெற்ற சோதகர் என்று ஏற்றப் போகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பிருந்தால் சொல்லுங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்று காட்டும் ‘ஆடிட் ட்ரெயில்’ பற்றித் தனி இழை தொடங்குங்கள், அதைப் பற்றிச் சண்டை போட நிறைய இருக்கிறது.