ஜூலையில் ஆறு நிறைந்து ஓடுகிறது, லடாக்கில் தண்ணீர்த் தட்டுப்பாடு எப்படி?

கேள்வி:
போன ஜூலையில் லே போயிருந்தேன். சிந்து நதி கலங்கலாக இருகரையும் தொட்டு ஓடியது. தங்கிய வீட்டுப் பெரியவரோ, "முன்போல் பனி விழுவதில்லை, விதைக்கத் தண்ணீருக்குத் திண்டாடுகிறோம்" என்றார். தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பதில்:
தம்பி, ராணுவத்தில் இருந்தபோது அங்கே ஆறு குளிர்காலங்களைக் கழித்தவன் நான். நீங்கள் பார்த்ததும் உண்மை, பெரியவர் சொன்னதும் உண்மை.

சிந்து பள்ளத்தில் ஓடுகிறது. மேட்டு வயல்கள் நம்பியிருப்பது மலையோடைகளை. லேயில் ஆண்டு முழுவதும் மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 100 மில்லிமீட்டர்தான். நம் ஐப்பசி அடைமழை ஒரே நாளில் அவ்வளவு கொட்டிவிடும். வாற்கோதுமை விதைப்பு ஏப்ரல், மே மாதங்களில். அப்போது கைகொடுப்பது குளிர்காலத்தில் தாழ்ந்த சரிவுகளில் விழுந்த பனி. 5,000 மீட்டருக்கு மேலே கிடக்கும் பனிப்பாறை ஜூனுக்குப் பிறகுதான் நன்றாக உருகும். நீங்கள் கண்டதில் அந்தத் தண்ணீரும் உண்டு.

ஒரு மே மாதக் காலை நினைவிருக்கிறது. தண்ணீர் முறை பார்ப்பவரை அங்கே சுர்பொன் என்பார்கள், நம் ஊர் நீர்க்கட்டியைப் போல. அவர் கல்லும் பழந்துணியும் வைத்து ஒரு மடையை அடைத்து அடுத்ததைத் திறந்தார். வந்த தண்ணீர் என் பூட்ஸின் அடித்தோலைத் தாண்டவில்லை. வயல்காரர் இருவர் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார்கள். விதைப்பு தள்ளிப்போனால் கதிர் முற்றும் முன்பே குளிர் வந்துவிடும்.

இன்னொருவர்:
ஐயா, பனிப்பாறை வேகமாக உருகினால் ஓடையில் தண்ணீர் கூடத்தானே செய்யும்?

பதில்:
சில காலம் கூடும். விதைநெல்லை உலையில் போட்டால் சில நாள் வயிறு நிறையுமே, அப்படி. பனிப்பாறை சிறுத்த பிறகு கோடை நீரும் குறைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மக்கள் என்ன செய்கிறார்கள்?

பதில்:
சேவாங் நோர்பெல் என்ற பொறியாளர் 1987இல் ஃபுக்ட்ஸே கிராமத்தில் வழி காட்டினார். குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடையை நிழல் சரிவில் திருப்பி, தாழ்ந்த கற்சுவர்களால் வேகத்தைத் தணித்து உறையவிட்டார். ஊருக்கு அருகே, தாழ்வான இடத்தில் இருப்பதால் அந்தப் பனி விதைப்புக்கு உருகிவிடும். 2013இல் சோனம் வாங்சுக் என்ற இன்னொரு லடாக் பொறியாளர் கூம்பு வடிவப் பனிக்கட்டியை எழுப்பினார். கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு, அதனால் அதிக நாள் நிற்கும். இரண்டையும் மனதார மதிக்கிறேன். ஆனாலும் உறைய வைக்கக் கடுங்குளிரும் வேண்டும், ஓடையில் நீரும் வேண்டும். எனக்கு அந்தக் கவலைதான்.

மறுபடி போவதானால் மே முதல் வாரத்தில் போங்கள். அந்தப் பெரியவரோடு வாய்க்கால் வரை நடந்து பாருங்கள்.