கார்ட்லெஸ் ஸ்க்ரூடிரைவருக்கு ‘மின்கலத் திருப்புளி’: ஒரு முன்மொழிவு

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

பழைய கார்ட்லெஸ் ஸ்க்ரூடிரைவர் பழுதாகி, வேறொன்று வாங்கப் போகிறவர்களுக்கான கையேட்டைத் தமிழில் எழுதும் நண்பர் சொற்கள் கேட்டிருந்தார். இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘கம்பியில்லாத் திருகி’ என்பதற்கே ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ‘திருகி’. சமையலறையில் தேங்காய்த் திருகி இருக்கும் வீடுகளில் இந்தச் சொல் வேறு பொருளைத் தரும். அதைவிட முக்கியமாக, நம்மிடம் ஏற்கெனவே ‘திருப்புளி’ இருக்கிறது. திருப்புகிற உளி. தச்சுப் பட்டறையின் உளியோடு உறவுள்ள, சொன்னதும் புரிகிற, பள்ளிப் பாடநூல்களும் அகராதிகளும் ஏற்றுக்கொண்ட சொல். அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று செய்யத் தேவையே இல்லை.

அடுத்து ‘கம்பியில்லா’. கம்பியில்லாத் தந்தி என்ற வழக்கு வந்த நாள் முதல் இந்த அடை வானலையில் செய்தி அனுப்புவதைக் குறித்தே நிலைத்துவிட்டது. இந்தக் கருவியில் அப்படி எதுவும் இல்லை. மின்சாரம் கைப்பிடிக்குள் இருக்கும் மின்கலத்திலிருந்து வருகிறது, அவ்வளவுதான். ஆங்கிலப் பெயர், கருவியில் இல்லாத கம்பியைச் சொல்லிப் பெயரிடுகிறது. நாம் இருப்பதைச் சொல்லிப் பெயரிடலாம். ஆகவே என் பரிந்துரை ‘மின்கலத் திருப்புளி’.

வாங்குகிறவர் கோணத்திலிருந்து பார்த்தால் இதற்கு இன்னும் வலுவான காரணம் உண்டு. வீட்டில் இந்தக் கருவி பெரும்பாலும் மின்கலத்தால்தான் சாகிறது. மோட்டாரும் பல்சக்கரங்களும் நன்றாகவே இருக்கும். பழைய கருவிகளில் 1.2 வோல்ட் நிக்கல் காட்மியம் கலங்கள் மூன்றை வரிசையாக இணைத்து 3.6 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அவை அலமாரியில் சும்மா கிடந்தாலே மின்னேற்றம் தானாக வடிந்துவிடும். ஆறு மாதம் கழித்துக் கதவுக் கீலை இறுக்க எடுத்தால் கருவி அசையாது. ஆண்டுக்குச் சில முறையே திருப்புளியைத் தொடுகிற வீட்டுக்கு இது பொருந்தாத மின்கலம். 2003இல் பாஷ் நிறுவனம் லித்தியம் அயனிக் கலத்துடன் ‘இக்ஸோ’ என்ற சிறிய திருப்புளியைக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. லித்தியம் கலத்தில் தானாக வடிவது மிகக் குறைவு. ஒரே கலம் 3.6 வோல்ட் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் காட்மியத்தின் நச்சுத்தன்மை கருதி, 2016 இறுதியோடு கம்பியற்ற மின்கருவிகளில் நிக்கல் காட்மியத்துக்குத் தடையிலிருந்து தந்திருந்த விலக்கையும் நீக்கிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கையேட்டில் இடம்பெற வேண்டும். வோல்ட் எண் ஒன்றாக இருப்பதால் பழைய கருவிக்குள் லித்தியம் கலத்தைப் பொருத்திவிடலாம் என்று சிலர் முயல்கிறார்கள். செய்யக் கூடாது. லித்தியம் கலத்துக்கு 4.2 வோல்ட்டில் மின்னேற்றத்தை நிறுத்தும் கட்டுப்பாடு வேண்டும். பழைய மின்னேற்றியில் அது இல்லை. தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது. எல்லா விளம்பரங்களிலும் வோல்ட்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. வாங்குகிறவர் அதற்கு முன் கேட்க வேண்டியது மின்கலத்தின் வகையை. பெயரிலேயே ‘மின்கலம்’ இருந்தால் அந்தக் கேள்வி தானாக எழும்.

இரண்டாவது சொல் ‘டார்க்’, அதாவது கருவி திருகாணியைச் சுழற்றும் வலு. தமிழ்நாட்டின் மேல்நிலை இயற்பியல் நூல் ‘திருப்பு விசை’ என்கிறது. வாகனங்களைப் பற்றி எழுதுகிறவர்களிடம் ‘முறுக்குவிசை’ பழகிவிட்டது. இரண்டும் சரியே. ஆனால் திருப்புளியைப் பற்றிய கட்டுரையில் ‘திருப்புளியின் திருப்பு விசை’ என்று மீண்டும் மீண்டும் எழுதினால் படிக்கிறவர் தடுக்குவார். இங்கு ‘முறுக்குவிசை’ போதும். அதன் அலகான நியூட்டன் மீட்டரையும் கையேட்டில் விளக்க வேண்டும்: 10 செ.மீ. நீளமுள்ள நெம்புகோலின் நுனியில் 1 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 1 நியூட்டன் மீட்டர். கையடக்கமான 3.6 வோல்ட் கருவிகள் பொதுவாக 3 முதல் 5 வரை தருகின்றன. சுவிட்ச் பெட்டி, அலமாரிக் கைப்பிடி, பெட்டியில் பிரித்து வருகிற மேசை நாற்காலி ஆகியவற்றுக்கு இது தாராளம். தேக்குக் கதவில் நீளமான மரத்திருகாணியை முழுவதும் இறக்க இது போதாது. அதற்கு முன்துளை இட்டு, மரையில் கொஞ்சம் சோப்பு தடவ வேண்டும். இல்லையென்றால் 12 வோல்ட் துளைப்பான் வகைக்குப் போக வேண்டும். காங்கிரீட் சுவரில் துளையிட மின்கலத் திருப்புளி எந்த வகையிலும் உதவாது. நம் ஊர் வீடுகளுக்கு இதைத் தனி வரியாகவே எழுத வேண்டும்.

மூன்றாவது, ‘கிளட்ச்’. வாகனத்துக்கு ஆக்கிய சொற்களை இங்கே கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. வாகனத்தில் அது இயந்திரத்தைச் சக்கரத்தோடு இணைக்கவும் பிரிக்கவும் பயன்படுகிறது. இங்கே அதன் வேலை, குறித்த அளவு இறுக்கம் வந்ததும் நழுவி, திருகாணியின் தலையும் மரத்துண்டும் சிதையாமல் காப்பது. ஆகவே ‘முறுக்கு வரம்பி’. அதை மாற்றும் எண்களுள்ள வளையம் ‘வரம்பு வளையம்’. அந்த எண்கள் நியூட்டன் மீட்டர் அல்ல, வெறும் படிநிலைகள். ஒரு கருவியின் 5ஆம் எண்ணும் இன்னொன்றின் 5ஆம் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வரம்பி இல்லாத கருவியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். துகள்பலகையில் (பார்ட்டிகிள் போர்டு) திருகாணி ஒருமுறை சுழன்று மரை தேய்ந்தால் அந்த ஓட்டை பிறகு பிடிக்காது.

நண்பர் கேட்காத, ஆனால் கட்டாயம் தேவைப்படும் சொல் ‘பிட்’. கருவியின் நுனியில் மாற்றி மாற்றிப் பொருத்தும், திருகாணித் தலைக்குள் நுழையும் துண்டு அது. ‘அலகு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பறவையின் மூக்கு, அரிவாளின் வாய் என்ற பொருள்களில் அழகான சொல்தான். ஆனால் அதே பக்கத்தில் ‘முறுக்குவிசையின் அலகு’ என்றும் எழுத வேண்டியிருக்கிறதே. ‘திருப்புமுனை’ வேறு வழக்கில் ஊன்றிவிட்டது. வெறும் ‘முனை’ போதும். அதன் அடிப்பகுதி 6.35 மி.மீ. அறுகோணம் என்பதால் பெரும்பாலான நிறுவனங்களின் முனைகள் ஒன்றுக்கொன்று பொருந்தும். பழைய முனைகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

முனைகளின் பெயரில்தான் பெரிய குழப்பம். 1930களில் அமெரிக்காவில் ஹென்றி ஃபிலிப்ஸ் பரப்பிய குறுக்கு வெட்டுத் தலையைக் கடைகளில் ‘ஸ்டார்’ என்கிறார்கள். ஆறு இதழ் கொண்ட டார்க்ஸ் தலைக்கும் அதே பெயர். ‘ஸ்டார் முனை’ கேட்டால் எது வருமென்று சொல்ல முடியாது. முதலாவதைக் ‘கூட்டல் முனை’ என்றும் இரண்டாவதை ‘அறுஇதழ் முனை’ என்றும் பிரிக்கலாம். போஸிட்ரைவ் என்ற வகையில் கூட்டல் குறிக்கு இடையே நான்கு மெல்லிய கீறல்கள் இருக்கும். ஐரோப்பிய மரச்சாமான்களில் அதிகம். அதில் ஃபிலிப்ஸ் முனையைப் போட்டால் நழுவித் தலை தேய்கிறது. அதற்குக் ‘கீற்றுக் கூட்டல் முனை’ என்பது நீளமாகத் தோன்றினாலும், கண்ணால் பார்த்ததைச் சொல்வதால் கடைக்காரருக்கும் விளங்கும்.

சுழலும் தண்டு கருவி நின்றதும் தானே பூட்டிக்கொண்டால், மின்கலம் தீர்ந்த பிறகும் சாதாரணத் திருப்புளியாகக் கையால் திருகலாம். இந்த வசதிக்குத் ‘தண்டுப் பூட்டு’ என்று எழுதுகிறேன். ஈழத்து நண்பர்கள் தங்கள் பட்டறை வழக்கில் வேறு சொல் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். முனையைப் பிடித்துக்கொள்ளும் பகுதியான ‘சக்’ என்பதற்கு ‘கவ்வி’ என்ற பரிந்துரை எனக்குப் பிடித்திருக்கிறது. மறுப்பு இல்லையென்றால் அதையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.