பினாங்கு தைப்பூசம் முடிந்து கேமரன் மலை: 78 வயது அப்பத்தாவைக் கூட்டிப் போகலாமா?

கண்டனூர்ப் பேரன்

வரும் தைப்பூசத்துக்கு அப்பச்சி (அப்பா), ஆத்தா (அம்மா), அப்பத்தா, நான் நால்வரும் மலேசியாவில் பினாங்கு போகிறோம். திருச்சியில் ஏறிக் கோலாலம்பூரில் இறங்குகிறோம். பூசம் முடிந்து திரும்பும் வழியில் கேமரன் மலையில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும் என்பது அப்பத்தாவின் ஆசை. எங்கள் ஐயா (அப்பத்தாவின் வீட்டுக்காரர்) அந்தக் காலத்தில் தெலுக் ஆன்சனில் (இப்போது தெலுக் இந்தான்) செட்டியார் கடையில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு உதவியாளாக, இருந்தவர். யாரோடோ அந்த மலைக்குப் போய் மத்தியானத்திலேயே போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த கதையைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு அப்பத்தாவுக்கு அந்த இடத்தைப் பார்த்தே ஆகணும்.

முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் உண்டு. கொடைக்கானல் போனபோது வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் வாந்தி. எந்தப் பாதையில் ஏறுவது? அதிகம் நடக்காமல் தேயிலைத் தோட்டம் பார்க்க முடியுமா? குளிர் தாங்குவாரா?

பள்ளத்தூர்ப் பிள்ளை

தேயிலைதானே பார்க்கணும்? மதுரை, தேனி, போடி வழியாக மூணாறு போங்கள். போடிமெட்டு ஏறிவிட்டால் பாஸ்போர்ட்டும் வேண்டாம், ரிங்கிட்டும் வேண்டாம். வயசானவரை எதுக்கு இப்படி அலைக்கழிக்கிறீங்க?

தெக்கூர் ஆச்சி

பிள்ளை சொல்வது காசுக்குச் சரி. ஆனால் அப்பத்தா கேட்பது தேயிலையை இல்லையே, ஐயா உட்கார்ந்திருந்த மலையை. அதற்கு மூணாறு எப்படி ஈடாகும்? தம்பி, தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஈப்போவில் மகள் வீடு இருப்பதால் எனக்கு அந்த மலை பழக்கம்.

முதலில் பாதை. மேலே போக இரண்டு சாலை. தாப்பாவிலிருந்து ஏறுவது பழையது. தூரம் குறைவு, வளைவு அதிகம். ஈப்போ பக்கத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து ஏறுவது புதியது. கொஞ்சம் சுற்றுதான், ஆனால் அகலமான சாலை, வளைவுகளும் வயிற்றைப் புரட்டாது. பினாங்கிலிருந்து வருகிறவர்களுக்குச் சிம்பாங் பூலாய்தான் முதலில் வரும். அப்பத்தாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். ஏறும் முன் பால் காப்பி கூடாது. மடியில் காய்ந்த நார்த்தங்காய் இருக்கட்டும். டாக்டரிடம் ஒரு மாத்திரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நார்த்தங்காயை மட்டும் நம்ப வேண்டாம்.

அந்தப் பக்கம் ஏறினால் முதலில் கம்போங் ராஜா வரும். மலைச்சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அப்பத்தா முகம் சுளிப்பார். அதைத் தாண்டிப் பிரிஞ்சாங், அப்புறம் தானா ராத்தா. தங்குவதற்குத் தானா ராத்தாதான் நல்லது. தெரு ஓரளவு சமதளம். நம் ஆட்கள் நடத்தும் வாழையிலைக் கடைகள், முருகன் கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. இட்லி, தோசைக்குக் கவலை இல்லை. அறை மட்டும் கீழ்த்தளத்தில் கேளுங்கள். லிஃப்ட் இல்லாத விடுதிகள் நிறைய.

குளிருக்குப் பயப்படாதீர்கள். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். கொடைக்கானல் இன்னும் உயரம், அதைத் தாங்கியவர் இதைத் தாங்குவார். பகலில் 20, 22 டிகிரி, ராத்திரி 15 பக்கம் இறங்கும். தொந்தரவு ஈரம்தான். துவைத்துப் போட்ட சேலை மறுநாளும் காயாது. மாற்றுச் சேலை கூடுதலாக எடுங்கள், சாக்ஸும் வேண்டும்.

இனித் தேயிலை. எல்லோரும் ஓடுவது பிரிஞ்சாங்குக்கு மேலே சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் 1929ல் தொடங்கிய ‘போ’ (BOH) தேயிலைக் கம்பெனியுடையது. பள்ளத்தாக்குக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம், அழகுதான். ஆனால் போகிற வழி ஒற்றைத் தடம், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்கணும். வண்டி நிறுத்திய இடத்திலிருந்து ஏறி நடக்கவும் வேண்டும். திங்கட்கிழமை வழக்கமாக விடுமுறை. அப்பத்தாவுக்கு அதைவிடத் தானா ராத்தாவுக்கும் ரிங்லெட்டுக்கும் நடுவே பெரிய சாலை ஓரத்திலேயே இருக்கும் பாரத் தேயிலைக் கடை தோது. வண்டியை விட்டு இறங்கினால் கடை, கடையில் உட்கார்ந்தால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை, கம்பளி விரித்த மாதிரி. எனக்குப் பிடித்தது இதுதான், காலை ஒன்பது மணிக்குள்.

கூடை மாட்டிக் கொழுந்து கிள்ளுகிறவர்களைத் தேடாதீர்கள். பெரும்பாலும் கத்தரி, மெஷின்தான். காட்டைத் திருத்திச் செடி வைத்ததில் நம் சனத்தின் உழைப்பு எவ்வளவோ. இப்போது தோட்டத்தில் பங்களாதேஷ், நேபாள, இந்தோனேசிய ஆட்கள்தான் அதிகம்.

சர்க்கரை என்றீர்களே, அங்கே சும்மா ‘தே’ என்று கேட்டால் கட்டிப்பால் ஊற்றி இனிக்க இனிக்கத் தருவார்கள். ‘தே சி கோசோங்’ என்று கேளுங்கள். இனிப்பில்லாத டின் பால், சர்க்கரை கிடையாது.

தேவகோட்டைக்காரன்

பேராக்கில் லாரி ஓட்டியவன். ஆச்சி சொன்ன பாதை சரி. ஆனால் கோலாலம்பூருக்குத் திரும்பும்போது தாப்பா வழியாக இறங்குங்கள். பாரத் கடையும் அந்த வழியில்தான், லாத்தா இஸ்கந்தர் அருவியை வண்டியிலிருந்தே பார்க்கலாம். மழை பிடித்தால் மண் சரியும், அதனால் ஏறுவதோ இறங்குவதோ வெளிச்சத்திலேயே முடியட்டும். பள்ளி விடுமுறையிலும் சனி ஞாயிறிலும் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை வண்டி நகராது.

தெக்கூர் ஆச்சி

அருவிக்காக அந்த வளைவு எல்லாம் வேண்டாம், தம்பி. வாந்தி எடுக்கிறவருக்கு அருவி எதற்கு? பாரத் கடைக்குத் தானா ராத்தாவிலிருந்து போய்விட்டுத் திரும்பி, வந்த வழியே இறங்குங்கள்.

கண்டனூர்ப் பேரன்

ரொம்ப நன்றி ஆச்சி, நன்றி அண்ணே. பூசத்துக்கு மறுநாள் காலையிலேயே பினாங்கிலிருந்து கிளம்பலாமா? ஸ்ட்ராபெரித் தோட்டம், பாசிக்காடு இரண்டும் பார்க்கணும் என்கிறாள் ஆத்தா.

தெக்கூர் ஆச்சி

மறுநாள் காலையா? நம் காரைக்குடியில் செய்து 1894ல் கப்பலேறிய வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோவிலிலிருந்து ஊருக்குள் இருக்கும் நகரத்தார் கோவில் வீட்டுக்குத் திரும்பப் புறப்படுவதே பூசத்துக்கு மறுநாள் சாயங்காலம்தான். வீதி வீதியாக நின்று அர்ச்சனை வாங்கி வந்து சேர ராத்திரி கழிந்துவிடும். அதை விட்டுவிட்டு மலைக்குப் போனால் அப்பத்தா உங்களைச் சும்மா விடமாட்டார். அதற்கு அடுத்த நாள் பகலில் தூங்கி எழுந்து, அதற்கும் மறுநாள் கிளம்புங்கள். அது சனிக்கிழமையாக வந்தால் இன்னும் இரண்டு நாள் பினாங்கிலேயே இருங்கள்.

பாசிக்காடு குனோங் பிரிஞ்சாங் மேலே, ஏற்றம் செங்குத்து, மரப்பாதையில் நடக்கணும். ஆத்தாவும் நீங்களும் போங்கள், அப்பத்தா அறையில் படுத்திருக்கட்டும். ஸ்ட்ராபெரி புளிக்கும். டிரைவர் இழுத்தாலும் ஒரு தோட்டத்தோடு நிறுத்துங்கள்.

மலேசிய வருகை அட்டையை இணையத்தில் நாலு பேருக்கும் நிரப்பணும், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அப்பத்தா பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, விலாசத்தையெல்லாம் (நம் குடும்ப முன்னெழுத்துகளை) முன்னால் சேர்க்காமல்.