கீமோ நாட்களில் மைனிக்குக் கொடுத்த இஞ்சி
கீமோ குமட்டலுக்கு இஞ்சி கொடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்களுக்குக் குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை பக்கம். மைனிக்கு, அதாவது என் மதினிக்கு, மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும் இங்கே பலரும் போவதுபோலத் திருவனந்தபுரத்துக்குத்தான் போனோம். மொத்தம் எட்டுக் கீமோ, முதல் நாலும் அந்தச் சிவப்பு மருந்து. டாக்ஸோரூபிசின் என்று பேர், கூடவே சைக்ளோபாஸ்பமைடும் ஏற்றுவார்கள். இது இரண்டும் சேர்ந்தால் குமட்டல் ரொம்பக் கடுமையாக வரும்.

முதல் கீமோ அன்று ராத்திரி மைனி நன்றாகவே இருந்தார், சாயாகூடக் குடித்தார். பிரச்சினை இல்லை என்று நினைத்து மறுநாள் வாந்தி மாத்திரையை நாங்களே விட்டுவிட்டோம். பெரிய தப்பு. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் மீன் பொரித்த வாசம் வந்ததும் ஓங்கரிப்பு ஆரம்பித்து, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. முதல் 24 மணி நேரம் சும்மா இருந்துவிட்டு இரண்டாம் மூன்றாம் நாளில் பிடிக்கிற குமட்டலும் உண்டு என்று பிறகுதான் சொன்னார்கள்.

அப்புறம் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் சீந்தில் என்கிற மூலிகைக்கொடி கலந்த பொடி கொண்டுவந்தார், பத்து நாள் கொடுத்தோம். இரண்டாம் கீமோவுக்கு முந்தின ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் அளவு ஏறியிருந்தது. வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று நர்ஸ் சேச்சி கேட்டபோது மைனி என் முகத்தைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். கீமோவாலும் ஏறலாம், பொடியாலும் ஏறலாம், எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனது. சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதியிருக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன்.

இஞ்சியை டாக்டரிடம் கேட்டுவிட்டே கொடுத்தோம். சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சியைத் தோல் சீவித் தட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஒவ்வொரு மடக்காக. சூடாகக் கொடுத்தால் ஆவி மூக்கில் ஏறி அதுவே குமட்டும். அமெரிக்காவில் 576 நோயாளிகளை வைத்துச் செய்து 2012-இல் வெளியான ஆய்வில் நாளைக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்குத்தான் நல்ல பலன். கூடக் கொடுத்தால் கூடப் பலன் என்று அதில் வரவில்லை. அரை கிராம் என்றால் சுக்குப் பொடி கால் டீஸ்பூன்தான். அவர்கள் கீமோவுக்கு மூன்று நாள் முன்பே தொடங்கினார்கள், வாந்தி மருந்தும் கூடவே போனது. மைனிக்கும் அப்படித்தான், ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. அந்த மாத்திரையால் மலச்சிக்கல் வரும், அதையும் சொல்லி மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நாலாவது கீமோவுக்குப் பிறகு ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் அணுக்கள் குறைந்தன, இஞ்சி ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று டாக்டர் நிறுத்தச் சொன்னார். வாய்ப்புண்ணும் வந்திருந்ததால் இஞ்சி பட்டாலே எரிச்சல். அந்த நாட்களில் மலர்தான் காப்பாற்றியது, அதாவது நெல்பொரி. ஒரு கைப்பிடி மலரைக் கொதித்த தண்ணீரில் போட்டு மூடி வைத்து வடிகட்டி, துளி உப்புப் போட்டு, கால் மணிக்கு ஒரு ஸ்பூன். வெள்ளை அணு குறைந்திருந்தால் பச்சைப் புதினாச் சட்னியெல்லாம் வேண்டாம், எதுவானாலும் கொதித்ததாக இருக்கட்டும். ஒருநாள் முழுக்கத் தண்ணீரே தங்கவில்லை, சிறுநீர் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போகிறது என்றால் கஷாயம் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்று. மூன்றாம் கீமோவுக்குப் போகும்போது பாலராமபுரம் தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே ஓங்கரிப்பு. மருந்து ஏறவே இல்லை, அந்த ரோட்டைப் பார்த்ததற்கே! அடுத்த தடவை எலுமிச்சை இலை நாலு கொண்டுபோனேன், கசக்கி முகர்ந்துகொண்டே வந்தார், வாந்தி வரவில்லை. இதற்கென்று மாத்திரையும் உண்டாம், டாக்டரிடம் கேளுங்கள்.

கீமோ அன்று பிடித்த சாப்பாடு எதையும் கொடுக்காதீர்கள். மைனிக்கு ஏலக்காய்ப் பாயசம் என்றால் உயிர், முதல் கீமோ அன்று ஆசையாக வைத்துக் கொடுத்தேன். எல்லாம் முடிந்து ஒரு வருஷம் ஆகிறது, மீன்குழம்பு பழையபடி சாப்பிடுகிறார். ஏலக்காய் டப்பாவைத் திறந்தால் மட்டும் இன்னும் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார்.