கிளினிக் சிட்டையைக் கொண்டு மாதாந்த மருந்தை வெளியில் வாங்குதல் – திருகோணமலை

கேள்வி (நிலாவெளி):
நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ள என் அம்மாவுக்கு அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மாதாந்தம் மருந்து தருகிறார்கள். சில மாதங்களில் ஏதாவது ஒரு மாத்திரை கையிருப்பில் இல்லாததால், வெளியில் வாங்கும்படி சிட்டை எழுதித் தருகிறார்கள். அதே சிட்டையைக் காட்டி அடுத்த மாதமும் பாமசியில் வாங்கலாமா? அம்மாவும் வர வேண்டுமா?

பதில் (உவர்மலை):
வெளிப் பாமசிக்குச் சிட்டையுடன் நீங்கள் சென்றாலே போதும். ஆனால் வைத்தியர் எத்தனை நாட்களுக்கு எழுதியிருக்கிறாரோ அந்த அளவுக்கே மருந்து கேட்பது முறை. ஆகவே மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம் அளவு, நாட்கள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதித் தரும்படி கிளினிக் நாளிலேயே கேளுங்கள். லொசாட்டன், மெட்போமின் போன்றவை பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால், பொதுப்பெயரைச் சொல்லி விலை குறைந்ததை மருந்தாளரிடம் விசாரிக்கலாம். மிக முக்கியமாக, கிளினிக் மாத்திரையும் கடையில் வாங்கியதும் ஒரே மருந்தாக இருக்கக்கூடும் என்பதால், அம்மா இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடாதபடி பழைய உறைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் இருப்பைக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

பதில் (கிண்ணியா):
இன்சுலினும் வாங்குவதானால், திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும். வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளிர்ப் பையில் எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் கட்டி நேரே படவிடாதீர்கள். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அடுத்த கிளினிக் நாளில் பொதுப்பெயரை எழுதித் தரும்படி கேட்கிறேன்.